பெல்ட்டில் சுற்றிய விசிறி

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய பெட்ரோல் அம்பாசடர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கடலூர் சாலையில் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வில்லியனூர் ரயில்வே கேட்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஹீட் முள் மேலே ஏறிவிடுகிறது. பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா? பெல்ட்டில் விசிறியை மாட்டும் யோசனை எங்கிருந்து வந்தது, அது கரண்ட்டுக்கு எப்போது மாறியது?
— வாசகர், பாகூர்

பதில்: முதலில் பூர்வீகம். ஆரம்ப கால கார்களில் விசிறியும் கிடையாது, இன்று நாம் பார்க்கும் ரேடியேட்டரும் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888-ல் பெர்தா பென்ஸ் அம்மையார் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குக் காரில் போனாரே, அந்தப் பயணம் முழுக்க வழியில் தண்ணீர் தேடுவதே பெரிய வேலையாக இருந்தது.

இதற்கு முடிவு கட்டியவர் டெய்ம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மேபாக். 1900-ல் அவர் உருவாக்கிய மெர்சிடஸ் 35 குதிரைசக்தி காரில் தேனடை ரேடியேட்டர் வந்தது. 8,070 சிறு குழாய்களை அடுக்கிச் செய்தது. அதன் பின்னால் ஒரு விசிறியையும் வைத்தார். வண்டி ஓடும்போது காற்று தானாக வரும், மெதுவாகப் போகும்போதுதான் விசிறி தேவை என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த விசிறிக்கு என்ஜினிலிருந்தே சுழற்சியை எடுப்பது அந்தக் காலத்துக்கு இயல்பான வழி. காரில் பேசும்படியான மின்சாரமே அப்போது இல்லை.

கோளாறும் அங்கேயே தொடங்கியது. பெல்ட் விசிறி என்ஜின் வேகத்தில் சுற்றுகிறது. கேட்டில் ஐடிலிங்கில் நிற்கும்போது காற்று மிகவும் தேவை, அப்போது அது சோம்பிச் சுற்றும். கடலூர் சாலையில் எதிர்க்காற்றே போதும், அப்போது பேயாய்ச் சுற்றும். விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்ற வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். 800 சுற்றிலிருந்து 3,200 சுற்றுக்குப் போனால் 64 மடங்கு. அவ்வளவும் உங்கள் பெட்ரோல். பழைய டாக்சி டிரைவர்கள் சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார்களே, விசிறியை வேகமாகச் சுற்ற வைக்கத்தான்.

இவ்வளவு குறை தெரிந்தும் எழுபது வருஷம் பெல்ட்டோடுதான் ஓட்டினார்கள். விசிறியைத் திருத்த வேண்டும் என்று யாரும் பெரிதாகக் கிளம்பவில்லை. என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தபோது வேறு வழியில்லாமல் போனது, அவ்வளவுதான். என்ஜின் நீளவாக்கில் இருந்தால் அதன் முன்முனை ரேடியேட்டரைப் பார்க்கும், விசிறியை அங்கேயே மாட்டலாம். குறுக்கே வைத்தால் அந்த முனை சக்கரத்தைப் பார்த்து நிற்கும். 1959-ல் மினி காரில் என்ஜினைக் குறுக்கே வைத்த அலெக் இசிகோனிஸ், பெல்ட் விசிறியை விட மனமில்லாமல் ரேடியேட்டரையே பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். இத்தாலியின் டாண்டே ஜியாகோசா ரேடியேட்டரை முன்னாலேயே நிறுத்தினார், விசிறிக்கு மோட்டாரும் வெப்பநிலை ஸ்விட்ச்சும் கொடுத்தார். அப்படி 1969-ல் வந்த ஃபியட் 128 பெரிய அளவில் விற்ற பிறகு சிறிய கார்கள் அந்த வழிக்கு வந்தன. வேடிக்கை என்னவென்றால், நம் பிரீமியர் பத்மினிக்கு மூலமான ஃபியட் 1100-ஐ வடிவமைத்தவரும் இதே ஜியாகோசாதான். நமக்கு வந்தது அவருடைய பழைய கார். மின்விசிறி வைத்த காரை நம் ஊர் மெக்கானிக்குகள் பரவலாகக் கையால் தொட்டது 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான். 1957-ல் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரில் என்ஜின் கடைசி வரை நீளவாக்கில்தான் இருந்தது.

இனி உங்கள் வண்டி. பானெட்டைத் திறந்து பாருங்கள். விசிறி வாட்டர் பம்ப் புல்லியின் மேல் நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது. ஆக, விசிறியைக் கழற்றினாலும் பெல்ட் போகாது. இன்னொன்று, அந்த நான்கு போல்ட்டும் விசிறியின் கனத்தையும் சேர்த்து நீளம் பார்த்தவை. விசிறி இல்லாமல் அப்படியே முறுக்கினால் முழுதும் இறுகாது, புல்லி ஆடும். குட்டை போல்ட் போட வேண்டும், அல்லது வாஷர் அடுக்க வேண்டும்.

பெரிய கேள்வி டைனமோ. பழைய லூகாஸ் வகை டைனமோ நல்ல வேகத்தில் கொடுப்பதே சுமார் 22 ஆம்பியர். ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் கொடுக்காது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவது அதனால்தான். மின்விசிறி 10 ஆம்பியர் இழுக்கும். இரவானால் ஹெட்லைட்டுக்கு இன்னொரு 10. மூடிய கேட்டில் நிற்கும்போது இவ்வளவும் பேட்டரியிலிருந்துதான் போக வேண்டும். ஹீட் ஏறிய வண்டி ஸ்டார்ட் ஆகாத வண்டியாக மாறும், அதுதான் மிச்சம்.

ஆகவே ஆல்டர்னேட்டர் போடாமல் மின்விசிறி போடாதீர்கள். மிகப் பழைய வண்டியானால் பாசிட்டிவ் எர்த்தா என்று ஆட்டோ எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் அது அங்கேயே எரிந்துவிடும். விசிறிக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ், தானாக ஓடி நிற்க வெப்பநிலை ஸ்விட்ச், எல்லாம் வேண்டும். இரண்டு கம்பியை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ரேடியேட்டர் பக்கம் ஒரு தாளைப் பிடித்து, காற்று என்ஜினை நோக்கிப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் இடுக்கில் பிளாஸ்டிக் கட்டுகளை நுழைத்து விசிறியைக் கட்டித் தருகிறார்கள் சிலர். சாலை அதிர்வில் அது குழாயை அறுத்துவிடும். இரும்புப் பட்டை அடித்து ஃபிரேமில் மாட்டச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியது எப்போது? கடலோரத்து போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரில் பாதிக் குழாய் உப்புக் காரையால் அடைத்திருக்கும். அதற்கு எந்த விசிறி வைத்தும் பயன் இல்லை. அதைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டையும் மூடியின் ரப்பரையும் பார்த்துவிட்டு, கூலன்ட் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான அம்பாசடர்களுக்கு அதுவே போதும். என்னைக் கேட்டால், டைனமோவோடு ஓடும் வண்டிக்குப் பெல்ட் விசிறியே சரி.

கேள்வி: எங்கள் காரில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென ஓடுகிறது. கோளாறா?
— வாசகி, வில்லியனூர்

பதில்: இல்லை. என்ஜின் நின்றதும் வாட்டர் பம்பும் நின்றுவிடுகிறது. சிலிண்டர் ஹெட்டில் மிஞ்சிய சூடு, ஓடாமல் நிற்கும் தண்ணீரில் இறங்குவதால் சில நிமிஷம் வெப்பம் கூடும். விசிறி ஸ்விட்ச்சுக்கு நேரடி பேட்டரி இணைப்பு இருக்கும் கார்களில் அது உடனே வேலையைத் தொடங்கிவிடும். வெகுநேரம் நிற்காமல் ஓடினால் மட்டும் ஸ்விட்ச்சையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடான வண்டியின் பானெட்டுக்குள் கை விடுவதற்கு முன் பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றிவிடுங்கள்.