கதை என்கிட்ட இருக்கு, கேமரா யார்கிட்ட? – கூட்டாளி தேடும் மாணவர் செயலியை வடிவமைக்கும் பாடம்

குமாரபாளையத்தில் ஒரு லுங்கியைத் தனியாள் ஒருவர் செய்து முடிப்பதில்லை. நூலுக்குச் சாயம் போடுபவர் ஒருவர், பாவு ஓட்டுபவர் ஒருவர், தறி ஓட்டுபவர் ஒருவர், மடித்துக் கட்டுபவர் ஒருவர். எந்த வேலைக்கு யாரிடம் போக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். "சாயத்துக்கு அவருகிட்ட கேளுங்க, ரெண்டு நாள்ல குடுத்துருவாருங்க" என்று டீக்கடையிலேயே பதில் கிடைத்துவிடும்.

அதே ஊரின் கல்லூரிகளுக்குள் இந்த வசதி இல்லை. குறும்படத்துக்குக் கதை எழுதி வைத்திருக்கும் மாணவி ஒரு கல்லூரியில். கேமரா பிடிக்கத் தெரிந்த மாணவர் பக்கத்துக் கல்லூரியில். இருவரும் தினமும் ஒரே பஸ்ஸில் வந்தாலும் ஒருவரை ஒருவர் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் "எடிட்டிங் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று காலையில் கேட்டால், மதியத்துக்குள் அந்தக் கேள்வி ஃபார்வேர்டு செய்திகளுக்கு அடியில் போய்விடும். கேட்டவரின் செல்போன் எண் மட்டும் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பயந்தே பல மாணவிகள் கேட்பதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் ஒரு செயலியை எப்படி வடிவமைப்பது என்று இங்கே பார்ப்போம். கடைசி ஆண்டு புராஜெக்ட் தேடும் மாணவர்களுக்கும், இப்படிப்பட்ட செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கும், அவர்களின் பெற்றோருக்கும் இது உதவும்.

படி 1: எல்லையைச் சரியாகப் போடுங்கள்

'ஒரே பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும்' என்று தொடங்குவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நம் ஊருக்கு அது பொருந்தாது. நாமக்கல் மாவட்டத்தின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போனால் அது ஈரோடு மாவட்டம். அங்குள்ள கலைக் கல்லூரிகளுக்குக் கோவை பாரதியார் பல்கலைக்கழகம். நடந்தே போய்விடும் தூரத்துக்குள் மூன்று பல்கலைக்கழகங்கள்!

எனவே பல்கலைக்கழகத்தை எல்லையாக வைக்காதீர்கள். 'நேரில் சந்திக்க முடியுமா?' என்பதை எல்லையாக வையுங்கள். கல்லூரி எது, எந்த ஊரிலிருந்து வருகிறார், மாலையில் எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் – இந்த மூன்றையும் கேட்டாலே போதும். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக முடியாத மாணவிக்கு, ஆறு மணிக்குக் கூடும் குழுவைக் காட்டி என்ன பயன்?

படி 2: ஆளைத் தேட வைக்காதீர்கள், வேலையைத் தேட வையுங்கள்

முகப்பில் வரிசையாக முகங்களைக் காட்டினால், புகைப்படத்தைப் பார்த்து ஆள் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வந்துவிடும். அதற்குப் பதிலாக, திட்ட அட்டைகளைக் காட்டுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து விவரங்கள் இருக்கட்டும்:

• என்ன செய்யப் போகிறோம்? (எடுத்துக்காட்டு: சாயத்தண்ணீர் பற்றி எட்டு நிமிட ஆவணப்படம்)
• யார் தேவை? (ஒலிப்பதிவு ஒருவர், எடிட்டிங் ஒருவர்)
• எப்போது முடிக்க வேண்டும்?
• வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?
• பணம் உண்டா, இல்லையா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். படித்துக்கொண்டே தறிப்பட்டறையிலோ கடையிலோ வேலை பார்க்கும் மாணவருக்கு அதுதான் முதல் கேள்வி. "காசு இல்லீங்க, ஆனா பேரு போடுவோம்" என்று முன்பே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

சேர விரும்புகிறவரிடம் 'உங்கள் திறமைக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று கேட்காதீர்கள். அடக்கமானவர் இரண்டு போடுவார், துணிந்தவர் ஐந்து போடுவார். இரண்டையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 'நீங்கள் செய்த ஒன்றைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ, கோலம், கைப்பிரதிக் கவிதை, எதுவானாலும் சரி. 'இன்னும் செய்ததில்லை, கற்றுக்கொள்ள வருகிறேன்' என்பதற்கும் ஒரு பொத்தான் இருக்கட்டும்.

படி 3: விவரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்லது

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். எந்த நோக்கத்துக்காகத் தரவு கேட்கிறீர்களோ, அதற்குத் தேவையானதை மட்டுமே வாங்க வேண்டும். எதற்கு என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. முதலாண்டு மாணவர் பலருக்கு 17 வயதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். பிறந்த தேதி முழுவதையும் வாங்கி வைக்காமல், '18 நிறைந்துவிட்டதா?' என்று கேட்பது நல்லது.

ஆதார் எண் கேட்கவே வேண்டாம். மாணவர்தானா என்று உறுதிசெய்யக் கல்லூரி அடையாள அட்டையே போதும். சரிபார்த்த பிறகு அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

செல்போன் எண்ணைத் திரையில் காட்டாதீர்கள். பேச்சு செயலிக்குள்ளேயே நடக்கட்டும். இருவரும் சம்மதித்த பிறகே எண் பரிமாறப்பட வேண்டும். 'இவரைத் தடு', 'புகார் செய்' என்ற பொத்தான்கள் உரையாடல் திரையிலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். புகார் பக்கத்தில் பெண்கள் உதவி எண் 181, சைபர் குற்ற உதவி எண் 1930 இரண்டையும் போடுங்கள். முதல் சந்திப்பு கல்லூரி வளாகம், நூலகம் போன்ற பொது இடத்தில் என்பதைச் செயலியே பரிந்துரைக்கட்டும்.

படி 4: 'யாருடையது?' என்பதை முதல் நாளே பேசுங்கள்

நண்பர்களாகத் தொடங்கும் குழுக்கள் உடைவது பெரும்பாலும் படம் முடிந்த பிறகுதான். "கதை என்னுது", "எடிட் பண்ணது நான்" என்று சண்டை வரும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்துக்கு ஆசிரியராகக் கருதப்படுபவர் தயாரிப்பாளர். அதே சமயம் எழுதப்பட்ட கதைக்குத் தனி உரிமை உண்டு. உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர வேண்டுமானால் அது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும், வாய்ப்பேச்சு போதாது.

ஆகவே குழு சேர்ந்ததும் ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தைச் செயலி எளிய தமிழில் தரட்டும். யார் பெயர் எப்படி வரும், பரிசுப் பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, ஒருவர் பாதியில் விலகினால் என்ன செய்வது – மூன்று கேள்விகள்தான். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம்.

படி 5: போட்டி விதிகளையும் செயலிக்குள் வையுங்கள்

நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழா, மத்திய அரசின் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போன்றவற்றுக்காகவே பலர் குழு தேடுவார்கள். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஒரு குழுவுக்கு ஆறு பேர். அதில் குறைந்தது ஒருவர் பெண். ஆறு பேரும் ஒரே கல்லூரி. இது தெரியாமல் இரண்டு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து உழைத்தால், பதிவு செய்யும்போதுதான் ஏமாற்றம் தெரியும். எனவே போட்டியைத் தேர்ந்தெடுத்ததும் அதற்குரிய விதிப்படி பட்டியல் வடிகட்டப்பட வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்த்துத் திருத்துங்கள்.

இன்னொன்று: பெண் உறுப்பினர் வேண்டும் என்ற விதிக்காகக் கடைசி நேரத்தில் "பேரு மட்டும் குடுங்க, வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று மாணவிகளைக் கேட்கும் வழக்கம் உண்டு. அட்டையில் ஒவ்வோர் இடத்துக்கும் என்ன வேலை என்று எழுதாமல் அழைப்பு அனுப்ப முடியாதபடி செயலியை அமைத்தால் இது குறையும்.

படி 6: காகிதத்தில் தொடங்குங்கள்

நிரல் எழுதும் முன் ஒவ்வொரு திரையையும் வெள்ளைத்தாளில் வரையுங்கள். ஐந்து மாணவர்களிடம் கொடுத்து, "எடிட்டர் ஒருத்தர் வேணும், எப்படித் தேடுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் பாருங்கள். அவர்கள் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே உங்கள் வடிவமைப்பில் பிழை இருக்கிறது. பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே, ஐந்து பேரிடம் சோதித்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று விளக்கினார்.

பிறகு கூகுள் படிவம் ஒன்று, விரிதாள் ஒன்று வைத்து ஒரே கல்லூரியில், ஒரே நிகழ்ச்சிக்கு நடத்திப் பாருங்கள். ஆள் குறைவாக இருக்கும்போது ஊர் முழுவதும் திறந்தால், தேடுபவருக்கு வெற்றுத் திரைதான் தெரியும், மறுபடி வரமாட்டார். அது ஓடினால் மட்டும் செயலியாக்குங்கள். நிரல் எழுதத் தெரியாதவர்கள் கட்டங்களை இழுத்து வைத்தே செயலி செய்ய எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் இலவசமாகக் கிடைக்கிறது.

எத்தனை பேர் பதிவிறக்கம் செய்தார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை குழுக்கள் வேலையை முடித்தன, அவற்றில் எத்தனை மாணவிகள், முடித்தவர்களில் எத்தனை பேர் மறுபடி சேர்ந்தார்கள் என்று பாருங்கள்.

இந்த வாரம் செய்து பாருங்கள்: உங்கள் வகுப்பில் ஐந்து பேரிடம், "உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்? யார் கிடைச்சா அதை முடிப்பீங்க?" என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒருவரின் தேவைக்கு இன்னொருவரின் பதில் பொருந்தினால் இருவரையும் பேச விடுங்கள். உங்கள் செயலியின் முதல் குழு அதுதான்.