செயற்கை உமிழ்நீர்

ஆய்வுக்கூடத்தில் உமிழ்நீர் தயாரிக்கிறேன் என்றால் விடுதி நண்பர்கள் முகம் சுளிக்கின்றனர். எச்சிலுக்கு நம்மிடையே உள்ள மதிப்பு அவ்வளவுதான்! ஆனால் நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் இந்நீர் இல்லையேல் உணவை விழுங்குவதும் அரிது. பல் நிலைப்பதும் அரிது.

உமிழ்நீரில் 100க்கு 99 பங்கு வெறும் நீரே. எஞ்சிய ஒரு பங்கில்தான் வித்தையெல்லாம் அடங்கியுள்ளது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பிஎச் எண் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீரின் பைகார்பனேட்டு அவ்வமிலத்தைத் தணிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் இழப்பை ஈடுசெய்கின்றன.

அப்படியானால் சோதனைக்கு இயற்கை உமிழ்நீரையே எடுத்தால் என்ன? எடுக்கலாம். ஆனால் அது ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். குவளையில் சற்று நின்றாலோ கரியமில வாயு வெளியேறிப் பிஎச் உயரும், புரதங்கள் சிதையும். இன்று கண்ட முடிவை நாளை சரிபார்க்க இயலாது. ஆகவேதான் அளந்து கலந்த கரைசல் தேவைப்படுகிறது.

ஜப்பானியரான ஃபுசயாமாவும் அவர் குழுவினரும் தங்கமும் பல்குழியை அடைக்கும் இரசக்கலவையும் ஒன்றையொன்று தொடும்போது நேரும் அரிப்பை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டனர். அவர் பெயரால் வழங்கும் கரைசலில், லிட்டருக்குச் சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் 0.4 கிராம் வீதம், யூரியா 1 கிராம். மேலும் கால்சியம் குளோரைடு, சோடியம் பாஸ்பேட்டு, இம்மியளவு சோடியம் சல்பைடு.

உலோக அரிப்புக்கு அது ஏற்றது. எனாமல் கரைவதை அளக்கும் எனக்கோ பிஎச் 7ஐ ஒட்டிய வேறொரு கலவை வேண்டியிருந்தது. முதன்முறை கால்சிய உப்பையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் நீரில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினேன். அரிசி களைந்த நீர்போல வெளுத்துவிட்டது. கால்சியம் பாஸ்பேட்டு வீழ்படிவு! வடிகட்டித் தெளிந்ததைப் பயன்படுத்தினேனே, அதுதான் பெரும் பிழை. நான் அளக்க வேண்டிய கால்சியம் வடிதாளில் அன்றோ தங்கிவிட்டது! ஒரு வாரத்து அளவீடுகளை அடித்தேன். இப்போதெல்லாம் தனித்தனியே கரைத்து, நீரைப் பெருக்கிய பின்னரே கால்சியத்தைக் கடைசியில் சிறிது சிறிதாக ஊற்றுகிறேன்.

இன்னொரு குறை எளிதில் தீராது. துலக்கிய பல்லின்மேல் சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதங்கள் மெல்லிய படலமாகப் படிந்து அமிலத்தைத் தடுக்கின்றன. உப்புக் கரைசலில் அப்படலம் ஏது? ஆதலால் அதில் எனாமல் விரைவாகக் கரைந்தால், வாயிலும் அப்படியே கரையும் எனக் கொள்வது தவறு. 'செயற்கை உமிழ்நீரில் சோதித்தோம்' என்று மட்டும் எழுதும் கட்டுரைகளை நான் இப்போது ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த மியூசின் என்னும் வழவழப்பான புரதம் விற்பனைக்குக் கிடைக்கிறது. அடுத்த முறை அதைச் சேர்க்க எண்ணியுள்ளேன். விடுதி நண்பர்களிடம் அதை மட்டும் சொல்வதாக இல்லை.