நான்காம் கூறு: மருந்தைச் சரிபார்த்து உண்ணுதல்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றையும் கூறி, நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என ஒருவனை வைத்தார். உழை என்பது பக்கம். பக்கத்தே நின்று மருந்தைப் பிழைபடாமற் செய்து கொடுப்பவன் என்னும் கருத்துப்படப் பரிமேலழகர் உரை கண்டார். வகுப்பிலே இக்குறளைக் கற்பிக்கும்போது முதல் மூன்றையும் விரித்துரைத்து, நான்காவதை ஒரு வரியிற் கடந்து செல்வது என் வழக்கமாயிருந்தது. அவ்வழக்கத்தை மாற்றியது என் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

என் தாயார் பல்லாண்டுகளாக நீரிழிவு நோய்க்கு மெற்போமின் என்னும் குளிசையை உண்டு வருபவர். ஒரு நாள் மாலை, மாதத்துக்குரிய மருந்தைக் கடையில் வாங்கி வந்து கொடுத்தேன். அவர் கடதாசி உறையைப் பிரித்து, ஒரு குளிசையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “தம்பி, இது என்ரை குளிசை இல்லை, என்ரை இதிலும் பெரிசு” என்றார். “கொம்பனி மாறியிருக்கும் அம்மா, போடுங்கோ” என்றேன் நான். அவர் மறுத்துவிட்டார். மறுநாள் துண்டையும் உறையையும் கடையிற் காட்டினேன். கொடுத்தவரின் முகம் மாறிற்று. உறையிலிருந்தது மெற்போமின் அன்று. வயிற்றளைச்சல் முதலிய தொற்றுகளுக்குக் கொடுக்கப்படும் மெற்றோனிடசோல். விரைந்தெழுதிய துண்டிலே இரு பெயர்களின் முற்பகுதியும் ஒன்றுபோலத் தோன்றியிருக்கின்றது. அம்மருந்தையே மாதம் முழுவதும் உண்டிருப்பின், தாயாரின் நீரிழிவு கட்டின்றி ஏறியிருக்கும். வேண்டாத மருந்தின் தீங்கும் உடன் சேர்ந்திருக்கும். ஆங்கில எழுத்தறியாத அவர் தம் கண்ணாலே தம்மைக் காத்துக்கொண்டார். எழுத்தைக் கொண்டே பிழைப்பு நடத்தும் நானோ அவ்வெழுத்தை ஒருமுறையேனும் பார்த்தேனல்லேன்.

வலி, வளி, வழி என்பவற்றுள் ஓரெழுத்து மாறினாற் பொருள் மாறும் என்று நாள்தோறும் கற்பிக்கின்றோம். விடைத்தாளில் அப்பிழைக்குப் புள்ளி குறையும். மருந்துத் துண்டில் அப்பிழைக்கு உயிரே விலையாகலாம். 1980களில் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். ஆஸ்துமாவும் நெஞ்சுத் தொற்றும் உற்ற ஒருவருக்கு மருத்துவர் அமொக்சில் என எழுதினார். கையெழுத்துத் தெளிவின்மையால் மருந்தாளர் அதனை டயோனில் என வாசித்தார். டயோனில் நீரிழிவுக்குரியது, குருதியிலுள்ள சர்க்கரையைக் குறைப்பது. நீரிழிவில்லாத அம்மனிதரின் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து, மூளை மீளாத பாதிப்புற்றது. நீதிமன்றம் பொறுப்பில் நூற்றுக்கு 25 பங்கை மருத்துவர் மீதும் 75 பங்கை மருந்தாளர் தரப்பின் மீதும் சுமத்திற்று. மேன்முறையீட்டிலும் 1989இல் அத்தீர்ப்பு நிலைத்தது.

கையெழுத்தே தெளிவற்றிருக்க, மருந்தாளருக்குப் பெரும்பங்கு ஏன்? துண்டில் எழுதப்பட்ட அளவு 250 மில்லிகிராம். டயோனிலோ 5 மில்லிகிராம் குளிசை. அன்றியும், அந்நாட்டில் நீரிழிவு நோயாளர் மருந்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, இவர் கட்டினார். பெயர் மயக்கம் தந்தபோதும் ஏனைய குறிப்புகள் உண்மையை உரைத்துக்கொண்டிருந்தன. சொல் மயங்கியவிடத்து இடம்நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும் என்னும் உரைகாரர் நெறி மருந்துக்கடையிலும் செல்லுபடியாகும் என்பது இதனாற் பெறப்படும்.

உருவமும் நிறமும் மாறிய ஒவ்வொரு குளிசையும் பிழையானதென்று கொள்ளுதலும் தவறு. ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. நிறம் வேறாகலாம், மருந்து ஒன்றே. பேராசிரியர் சேனக பிபிலே இதனை நன்கறிந்தவர். 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவரான அவர், வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரை வழங்க வேண்டுமென உழைத்தார். அதனால் விலை குறையும் என்பது ஒரு நன்மை. நோயாளி தன் மருந்தை ஒரு பெயரால் அறிந்துகொள்ளலாம் என்பது மற்றொன்று. ஆதலின் நிறம் மாறினால் ஐயுறுக. பெயரைப் பார்த்து ஐயம் தெளிக.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்தால் நேரும் தீங்கைக் குறைக்கும் இயக்கத்தைத் தொடங்கியபோது, அறிதல், சரிபார்த்தல், கேட்டல் என மூன்று சொற்களை முன்வைத்தது. அவற்றை நம் வீட்டுக்கேற்ப இவ்வாறு விரிக்கலாம்.

அறிதல்: வீட்டிலுள்ளோர் உண்ணும் மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, வேளை, நோய் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, மருத்துவரிடம் செல்லும்போது கொண்டு செல்லுக. துண்டிலுள்ள பி.டி. என்பது நாளுக்கு இருமுறை, ரி.டி.எஸ். என்பது மும்முறை, நொக்டே என்பது இரவில்.

சரிபார்த்தல்: கடைப் படியை விட்டு இறங்குமுன் துண்டையும் உறையையும் அருகருகே வைத்து, பெயர், மில்லிகிராம், வேளை, எண்ணிக்கை, காலாவதித் திகதி என்னும் ஐந்தையும் ஒப்பிடுக. தசமப் புள்ளியிற் கண் வைக்க, 1.0 என எழுதியதிற் புள்ளி மங்கினால் அது 10 ஆகும். குழந்தையின் பாணி மருந்தை வீட்டுக் கரண்டியால் அளவாது, மருந்தோடு வரும் அளவையால் அளக்க. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதொற்றெக்சேற் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உண்ணற்பாலது. அதனை நாள்தோறும் உண்டு இறந்தோர் பல நாடுகளிலும் உளர். எந்தக் கிழமையில் உண்பது என்பதை உறையின்மேல் எழுதுவித்துக்கொள்க.

கேட்டல்: “இது எதற்கு? முன்னையதற்கு ஏன் வேறாயிருக்கிறது?” என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல மருந்தாளர் அதனை வரவேற்பார்; கேள்வி அவரையும் காக்கின்றது.

நமது குடாநாட்டுக்குரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரைலனோலும், இங்கு நாம் வாங்கும் பனடோலும், ஆசுபத்திரியில் தரும் பரசிற்றமோலும் ஒரே மருந்தே. வளர்ந்தவர் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் ஒரு நாளில் உண்ணலாகாது. மூன்று பெயர்களை மூன்று மருந்தென எண்ணி உண்பவரின் ஈரல் கெடும். பிழையான மருந்தை உண்டுவிட்டதாக அறிந்தால் உறையையும் எஞ்சிய குளிசைகளையும் எடுத்துக்கொண்டு உடனே ஆசுபத்திரிக்குச் செல்லுக. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வரும். ஐயத்தின் பேரில், நெடுநாள் உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடுதலும் ஆபத்தே.

இறுதியாக ஒரு குறை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். நோயாளியின் மொழியிலேயே மருத்துவம் வழங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அக்கொள்கை வேரூன்றிய மண்ணில், என் தாயார் தம் மருந்துறையை வாசிக்க முடியாதிருப்பது நமக்குப் பெருமை தருவதன்று. ‘நீரிழிவுக்கு, காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்’ என்று தமிழில் எழுத எத்துணை நேரம் செல்லும்?

நம் கல்லூரியிலிருந்து மருத்துவரானோரும் மருந்தாளரானோரும் உள்ளூரிலும் கடல் கடந்தும் பலர். அவர்கள் இவ்வொரு வரியைத் தம் கையால் எழுதத் தொடங்குவாராக. மாணவர்காள், இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் பாட்டன் பாட்டியின் மருந்துறைகளை எடுத்து, துண்டோடு ஒப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். நான்காம் கூறாகிய உழைச்செல்வான் மருந்துக்கடையில் மட்டும் நிற்பவன் அல்லன். நோயாளியின் பக்கத்தே எழுத்தறிந்து நிற்கும் நீங்களும் அவனே.