பழைய செடான் வாங்கப் போகும் தம்பிகளுக்கு

இரண்டு லட்சத்துக்குள் ஒரு செடான் வேண்டும் என்று விருத்தாசலத்தை அடுத்த நல்லூர், வேப்பூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஆக்சென்ட், ஃபோர்டு ஐகான், ஃபியஸ்டா என்ற நாலைத்தான். பட்டறையில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. கையில் 2 லட்சம் இருந்தால் ஒன்றரைக்கு வண்டி பாருங்கள். மிச்சம் 50,000 முதல் ஆறு மாதத்திலேயே டயர், பேட்டரி, ஆயில், பெல்ட், இன்ஷூரன்ஸ் என்று போய்விடும். மொத்தத்தையும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறவர்தான், பட்டறையில் “இப்போதைக்கு ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க” என்பார். அப்படிப் பண்ணிக் கொடுத்த வேலை இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

2. பழைய இன்ஜினைக் கொல்வது ஓடிய கிலோமீட்டரைவிடச் சூடுதான். வண்டி பார்க்கப் போகும்போது, “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். உள்ளே பச்சையோ சிவப்போ கூலன்ட் இருக்க வேண்டும். துரு நிறத் தண்ணீர் இருந்தால் போர் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். நம் ஊர்த் தண்ணீர் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள்; ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் அதேதான் படிகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி மாதிரிப் பசை நிறைய இருந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படுங்கள்.

ஹோஸ் பைப் சில நூறு ரூபாய். தெர்மோஸ்டாட் ஆயிரத்தை ஒட்டி வரும். இவற்றை விட்டு வைத்து, முள் சிவப்புக்குப் போன பிறகும் “வீடு பக்கந்தானே” என்று ஓட்டினால் ஹெட் வளையும். லேத்தில் முகம் தேய்த்து, கேஸ்கட் போட்டு, வால்வு வேலையும் சேர்ந்தால் வெளிப் பட்டறையிலேயே 20,000, 30,000 என்று நிற்கும். “தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டா சூடே ஏறாது” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடும். மைலேஜ் குறையும், ஆயிலும் கெடும்.

3. ஆக்சென்ட் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்த வண்டி. ஸ்பேர் எங்கும் கிடைக்கும். அதில் இருப்பது டைமிங் பெல்ட். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலி ஒரே கூலிதான். ஃபியஸ்டா டீசலுக்கும் இதே கதை.

4. 2003-இல் வந்த சிட்டி ஐ-டிஎஸ்ஐ நல்ல இன்ஜின், செயின் வைத்தது. ஆனால் நாலு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக். நாலை மாற்றிவிட்டு எட்டுக்குப் பில் போடும் இடமும் உண்டு. பழையதைக் கையில் வாங்கி எண்ணுங்கள். அந்தக் காலத்து சிவிடி கியர்பாக்ஸ் வேண்டாம். கிளம்பும்போது உதறினால் அதைச் சரி செய்யும் ஆளை விருத்தாசலத்தில் தேடி அலைவீர்கள். இன்னொன்று: டகாடா ஏர்பேக் கோளாறுக்காக 2013 வரையிலான சிட்டிகளில் பலவற்றை ஹோண்டா திரும்ப அழைத்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். உங்கள் வண்டி அதில் இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

5. ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஐகானும் ஃபியஸ்டாவும் ஓட்ட அருமையான வண்டிகள், எனக்கும் பிடிக்கும். ஆனால் முதல் வண்டியாக வேண்டாம். டீசலில் இன்ஜெக்டர் போனால் புதிது ஒன்றே ஐந்து இலக்கத்தைத் தொடும்.

6. கண்ணாடியை ஏற்றி, பாட்டை நிறுத்தி, கரும்பு வண்டி ஓடிக் குழியான சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சன்னமாக டக்டக் என்றால் லிங்க் ராட், சில்லறைச் செலவு. தொம் என்று அடி வயிற்றில் கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷோ ஷாக் அப்சார்பரோ. ஸ்டீரிங்கிலேயே ஆட்டம் தெரிந்தால் ஸ்டீரிங் ராக். விலையில் பெரிதாகக் குறைக்கச் சொல்லுங்கள். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட் பக்கம் தினமும் போய் வருகிறவர்கள் ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்குக்கு முன்பே மாற்றுங்கள். அந்த மாவுத் தூசு ஏசி கன்டென்சரையும் அடைக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் தீரும் குறைக்குக் கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

7. 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல், 2024 ஃபெஞ்சல் புயல். சென்னையிலும் கடலூரிலும் முங்கிய வண்டிகள் பாலீஷ் போட்டு நம் பக்கம் வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தில் துருவைப் பாருங்கள், மிதியடியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வயரிங் நனைந்த வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

8. பெட்ரோல் வாடை வந்தால் அன்றே ஹோஸைப் பாருங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதற்காகச் செய்ததல்ல.

9. ஆர்சி 15 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு எஃப்சி பார்த்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஆகவே 14 வயது வண்டியை விலை பேசும்போது இதையும் கழித்துப் பேசுங்கள். லோன் அடைத்திருந்தாலும் ஆர்சியில் வங்கிப் பெயர் நிற்கலாம். வங்கியின் என்ஓசியும் ஃபாரம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து வாங்கியதோடு டேஷ்போர்டில் போட்டு வைக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வேலையை அவரிடம் விடாமல் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், இன்ஷூரன்ஸையும் அதே வாரம் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.