முதல் கிளாஸுக்கு முந்தைய அரைமணி நேரம்

குடிப்பவரைக் 'கூட்டாளிகள்தான் கெடுத்தார்கள்' என்று குடும்பங்கள் சொல்லும். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், குடியை விட்டவர்கள் மறுபடி குடித்த தருணங்களை ஆராய்ந்தார். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோபம், பதற்றம், சோர்வு, வெறுமை போன்ற உணர்ச்சிகளைத் தொடர்ந்தே நடந்திருந்தன. பிறரின் வற்புறுத்தல் அதற்கு அடுத்துதான்.

மது மூளையின் பரபரப்பை அடக்கும். தினமும் குடித்தால் அதை ஈடுகட்ட மூளை தன் பரபரப்பைக் கூட்டிக்கொள்ளும். போதை இறங்கும் விடியற்காலையில் அந்தக் கூடுதல் பரபரப்புதான் மிஞ்சும்: நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் பயம் வரும், தூக்கம் கலையும். கவலையை மறக்கக் குடித்தவருக்கு மறுநாள் கவலை கூடியிருக்கும். அதற்கும் ஒரு குவார்ட்டர் தேவைப்படும்.

எனவே எவ்வளவு குடித்தீர்கள் என்பதோடு, குடிக்கக் கிளம்புமுன் மனம் எப்படி இருந்தது என்பதையும் இரண்டு வாரம் எழுதி வையுங்கள். 'டென்ஷன்' என்று எழுதினால் பயன் இல்லை. முதலாளி எல்லோர் முன்னும் திட்டினாரா, கடன்காரர் போன் செய்தாரா, வீட்டில் பேச ஆள் இல்லையா? பெரும்பாலும் ஒன்றிரண்டு காரணங்களே திரும்பத் திரும்ப வரும். மாலைப் பசியும் கோபமும் சேரும் நேரம் மிக ஆபத்தானது. வேலை முடிந்ததும் முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள், மதுக்கடை இல்லாத தெரு வழியாக வீடு திரும்புங்கள். குடிக்கும் உந்துதல் ஏறி, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தானே இறங்கிவிடும். அதுவரை நம்பிக்கையான ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருங்கள்.

வீட்டாருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அவமானத்தைப் பற்றி. பிள்ளைகள் முன்னால் திட்டு வாங்கியவர் அந்த அவமானத்தை மறக்கவும் கடைக்குத்தான் போவார். போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள். காலையில், தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அடி, உதை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, உங்கள் பாதுகாப்புதான் முதலில்.

நாள்தோறும் அதிகம் குடிப்பவர் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்துடன் நிறுத்துங்கள். குடியை விட்டுச் சில வாரங்கள் ஆன பின்னும் மனச்சோர்வு நீங்காவிட்டால் அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். சாகத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.