நிலம் வாங்கும் ஆட்டம்

கெடிலம் கடலொடு கலக்கும் இடத்திற்கு அணித்தே தேவனாம்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து அவ்வூர்க் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1690 ஆம் ஆண்டில் விலைக்குப் பெற்றனர். அப்பொழுது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல் என்பவர். கோட்டையோடு சேர்த்து, அங்கிருந்து சுடும் பீரங்கியின் குண்டு சென்று விழும் தொலைவு வரை உள்ள நிலமும் வாங்கியோர்க்கே உரியது என்பது அவ்விற்பனையின் விதி. அவ்வாறே ஒரு பெரிய பீரங்கியைப் பல திசைகளிலும் திருப்பிச் சுட்டனர். குண்டு விழுந்த இடமெல்லாம் எல்லையாயிற்று. கடலூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஒரு நாளில் கைமாறின. அவ்வூர்களுக்குப் பீரங்கிக் குண்டு ஊர்கள் என்னும் பொருள்படும் பெயரும் பின்னர் வழங்கலாயிற்று. அவ்வூர்களில் ஏர் பிடித்தோரையும் வலை வீசினோரையும் எவரும் ஒரு சொல்லும் கேட்டிலர்.

அக்கோட்டைக்கு அண்மையில், கெடிலக் கரையில் விளங்குவது மஞ்சக்குப்பம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும் நெடுங்காலம் நிலைபெற்ற பகுதி அது. 1993 இல் கடலூர் தனி மாவட்டமான பின்னரும் அதன் சிறப்புக் குன்றவில்லை. இத்தகைய ஊரில் ஒரு மனைக்கு விலை மிகுவதன் காரணம் யாது? மனையின் உரிமையாளர் அதில் ஒரு செங்கல்லும் வைத்திலர். முள்ளும் புதருமாகவே விட்டிருக்கிறார். ஆயினும் ஆண்டுதோறும் விலை ஏறுகிறது. அருகே அலுவலகம் வந்தது, சாலை வந்தது, பள்ளி வந்தது, மக்கள் வந்தனர். ஊரார் அனைவரும் கூடி உண்டாக்கிய பயன் ஒருவர் பையில் சென்று சேர்கிறது. இதனை அட்டையின்மேல் ஆடிக் காட்டுவதற்கென்றே ஒரு விளையாட்டு அமெரிக்க நாட்டில் தோன்றியது. இன்று உலகெங்கும் மோனோபொலி என்னும் பெயரால் ஆடப்படுவது அதன் வழிவந்ததே.

மோனோபொலி என்பது கிரேக்க மொழியின் அடியாகப் பிறந்த சொல். ஒருவர் மட்டுமே விற்றல் என்பது அதன் பொருள். முற்றுரிமை என்று தமிழில் கூறலாம். இதன் இந்தியச் சாயல்களாகிய டிரேடு, பிசினஸ் முதலிய ஆட்டங்களைக் கோடை விடுமுறையில் ஆடாத நகரச் சிறுவர் சிலரே. பலகையைச் சுற்றி நாற்பது கட்டங்கள் உள்ளன. அவற்றுள் இருபத்தெட்டு விலைக்கு வருவன: இருபத்திரண்டு தெருமனைகள், நான்கு புகைவண்டி நிலையங்கள், மின்சாரம், குடிநீர் என்பன. பழைய அமெரிக்கப் பதிப்பின்படி ஒவ்வொருவரும் 1500 டாலர் பொய்ப்பணத்தோடு தொடங்குவர். இரு பகடைகளை உருட்டி, விழுந்த எண்ணுக்கேற்பக் காயை நகர்த்துவர். உரியவர் இல்லாத மனையில் நின்றால் அதனை வாங்கலாம். பிறர் மனையில் நின்றால் வாடகை தரவேண்டும். ஒரே நிறத்து மனைகள் அனைத்தையும் பெற்றவர் அவற்றில் வீடு கட்டலாம். கையில் பணம் அற்றவர் ஆட்டத்தை விட்டு நீங்குவர். இறுதிவரை எஞ்சியவர் வென்றவராவர்.

இது பகடையின் போக்கை மட்டும் நம்பும் ஆட்டம் என்று எண்ணுதல் தவறு. பலகையில் மிக உயர்ந்த மனையின் விலை 400. வெறுமனையாக இருக்கும்போது அதன் வாடகை 50. இரண்டு வீடு கட்டினால் 600. மூன்றாம் வீட்டிற்குச் செலவு 200 மட்டுமே. வாடகையோ 1400 ஆகிவிடும். ஆதலின் தேர்ந்த ஆட்டக்காரர் பல இடங்களில் ஒவ்வொரு வீடு கட்டாமல், ஒரு நிறத்தில் மும்மூன்று கட்டவே முயல்வர். வங்கியில் உள்ள வீடுகள் முப்பத்திரண்டே என்பதும் கருதத்தக்கது. நான்கு வீடுகளைத் திருப்பித் தந்து ஒரு விடுதி பெறலாம். ஆனால் சூழ்ச்சி அறிந்தவர் அவ்வாறு செய்யார். வீடுகளைத் தம் மனைகளிலேயே நிறுத்திவைத்தால் பிறர்க்குக் கட்ட வீடு கிடையாது. கையில் பணம் இருந்தும் பயனின்றி அவர் தவிக்க நேரும்.

கணக்கறிந்த மாணவர்க்கு இன்பம் தரும் இடம் மற்றொன்றும் உண்டு. பலகையில் காய்கள் மிகுதியாகத் தங்கும் இடம் சிறைச்சாலை. தண்டம் கட்டிச் சிறையினின்று வெளிவருபவர் இரு பகடைகளையும் உருட்டுவார். ஆரஞ்சு நிற மனைகள் மூன்றும் சிறையிலிருந்து ஆறாம், எட்டாம், ஒன்பதாம் கட்டங்களில் உள்ளன. இரு பகடைகள் விழும் முறைகள் முப்பத்தாறு. அவற்றுள் ஆறு விழுவன ஐந்து. எட்டு விழுவன ஐந்து. ஒன்பது விழுவன நான்கு. எனவே முப்பத்தாறில் பதினான்கு முறை அவர் அம்மனைகளுள் ஒன்றில் நிற்பார். விலையுயர்ந்த மனையை விட்டு ஆரஞ்சு மனைகளை நாடுவோர் கணக்கு வல்லவர் என்று அறிக.

சுவடிகளை ஒப்புநோக்கி ஒரு நூலின் மூலபாடத்தைத் துணிதல் பதிப்பாசிரியர் கடமை. இவ்வாட்டத்தையும் அங்ஙனம் பின்னோக்கிச் சென்று ஆராய்ந்தால் வியப்பே மிகும். வறுமையில் வாடிய சார்லஸ் டாரோ என்பவர் தம் வீட்டில் அமர்ந்து இதனைத் தாமே கண்டுபிடித்தார் என்று நெடுங்காலம் கூறி வந்தனர். பார்க்கர் சகோதரர் நிறுவனத்தார் 1935 இல் அவரிடமிருந்து ஆட்டத்தை வாங்கி வெளியிட்டனர், அவர் பெருஞ்செல்வரானார். ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1904 சனவரி 5 ஆம் நாள், எலிசபெத் மாகி என்னும் அம்மையார் நிலக்கிழார் ஆட்டம் என்னும் பெயரில் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நிலமும் வாடகையும் சிறையும் சுற்றிவரும் பாதையும் அவர் பலகையிலேயே அமைந்திருந்தன. டாரோ ஆடக் கற்றது, கையால் வரைந்த பலகைகளின் வழியாக நண்பரிடமிருந்து நண்பர்க்குப் பரவிய ஆட்டத்தையே ஆகும்.

அம்மையார் ஹென்றி ஜார்ஜ் என்னும் பொருளியல் அறிஞரின் கொள்கையைப் பின்பற்றியவர். 1879 இல் வெளிவந்த ‘வளர்ச்சியும் வறுமையும்’ என்னும் நூலில் ஜார்ஜ் கூறியது இது: ஒருவர் தம் உழைப்பால் ஈட்டியது அவர்க்கே உரியது, நிலத்தின் வெறுமதிப்பு மட்டும் ஊரார் அனைவர்க்கும் உரியது, ஆதலின் அதன்மேல் வரி விதித்து, உழைப்பின்மேல் உள்ள வரிகளை நீக்குதல் வேண்டும். இக்கருத்தை நூலால் மட்டும் பரப்புதல் அரிது என்று உணர்ந்தே மாகி ஆட்டத்தை வகுத்தார். அவர் பலகையின் தொடக்கக் கட்டத்தில், நிலமாகிய தாயின்மேல் உழைப்பவர்க்குக் கூலி உண்டு என்னும் கருத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. இன்றைய பலகையில் அக்கட்டத்தைக் கடந்தால் 200 கிடைக்கும். எதற்காகக் கிடைக்கிறது என்னும் விளக்கம் அங்கு இல்லை. பாடபேதம் என்பது சொல்லை மட்டும் மாற்றுவதன்று. சில வேளைகளில் பொருளையே விழுங்கிவிடும்.

அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மாகியின் ஆட்டத்தில் 1906 முதல் வெளிவந்த பதிப்புகள் இருவகை விதிகளைக் கொண்டிருந்தன. ஒருவகை விதிப்படி நிலம் சேர்த்தவர் பிறரை ஒழித்து வெல்வர். மற்றொரு வகை விதிப்படி நிலவாடகை பொதுநிதிக்குச் செல்லும். 1932 இல் வந்த பதிப்பில் இவ்விரண்டாம் ஆட்டத்திற்குச் செழிப்பு என்றே பெயர் சூட்டினர். அதில், மிகக் குறைந்த பொருள் உடையவர் தம் முதலை இருமடங்காக்கும்போது ஆட்டம் முடிவுறும். இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்ப்பவர் எவ்வகை முறை நல்லது என்று தாமே தெளிவர் என்பது அம்மையார் எண்ணம். பார்க்கர் நிறுவனத்தார் அவருடைய காப்புரிமையையும் 1935 இல் வாங்கினர். அதற்குத் தந்தது 500 டாலர். உலகிற் பரவியது முதலாம் விதி. இரண்டாம் விதி ஏட்டிலே நின்றது. மாகி 1948 இல் மறைந்தார். ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்னும் பொருளியற் பேராசிரியர் 1970களில் முற்றுரிமைக்கு எதிரான ஓர் ஆட்டத்தை வெளியிட்டு வழக்கில் சிக்கினார். அவ்வழக்கின்பொருட்டுப் பழைய பலகைகளைத் தேடியபோதே மாகியின் வரலாறு மீண்டும் ஒளி பெற்றது.

தமிழர்க்கு இக்கருத்து முற்றும் புதியதன்று. பல்லாங்குழியை நோக்குக. பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை அல்லது சோழி, இருவர்க்கும் ஏழேழு குழிகள். தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு ஏதும் இல்லை. ஆட்டம் முடியும்போது ஒருவரிடம் காய்கள் மிகும். அடுத்த ஆட்டத்தில் தோற்றவரால் தம் குழிகள் அனைத்தையும் நிரப்ப இயலாது. நிரம்பாத குழிகள் வெறிதே கிடக்கும். குறைந்த முதலோடு தொடங்குபவர் மேலும் குறைகின்றார். இவ்வாட்டத்தைத் தனிச்சொத்துடைமையின் தோற்றத்தோடு இயைத்துப் பேராசிரியர் தொ. பரமசிவன் ஆராய்ந்துள்ளார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பல்லாங்குழியில் குழிக்கு வாடகை இல்லை. காயைக் கையால் அள்ளி, எண்ணி, இட்டுச் செல்லும் திறனே முதன்மை. நிலத்தை வைத்துக்கொண்டு வாளாவிருந்து பொருள் பெறும் வழியை நம் பாட்டியர் ஆட்டத்தில் சேர்த்திலர்.

இனி அண்மைக்காலப் பதிப்புகளைக் காண்போம். ஆட்டம் தோன்றியது முதலே நாட்டிற்கேற்ப ஊர்ப்பெயர்கள் மாறி வந்துள்ளன. அமெரிக்கப் பதிப்பில் அட்லாண்டிக் நகரத் தெருக்கள் இருந்தன. ஆங்கிலப் பதிப்பில் இலண்டன் தெருக்கள் இடம்பெற்றன. 1987 இல் தொடங்கப்பெற்றுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் நிறுவனத்தார் இந்தியாவில் இவ்வாட்டத்தைச் செய்து விற்றனர். 2006 இல் வெளிவந்த ஒரு புதுப்பதிப்பில் காகிதப் பணமே இல்லை. ஒவ்வொருவர்க்கும் ஓர் அட்டை. நடுவே ஒரு சிறு மின்கருவி. அட்டையைக் கருவியில் செருகினால் ஒருவர் கணக்கில் குறைந்து மற்றவர் கணக்கில் ஏறும். பின்னர் வந்த பதிப்பில் மனைச்சீட்டைக் கருவியில் காட்டினாலே போதும். வாடகையையும் அதுவே கணித்துவிடும்.

இம்மாற்றம் காலத்திற்கு இயைந்ததே. மஞ்சக்குப்பத்துத் தேநீர்க் கடையிலும் இன்று கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துகின்றனர். அட்டையின்மேல் மட்டும் பழைய தாள்களை எண்ண வேண்டும் என்பது பிடிவாதமாகும். எனினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. முன்னெல்லாம் வங்கியாளராக அமர்ந்த சிறுமி 2000 த்துக்குச் சில்லறை மாற்றித் தருவாள். வாடகை கேட்பவர் வாய்விட்டுக் கேட்பார். தருபவர் கையில் தாள்கள் மெலிவதைக் கண்ணால் காண்பார். தோல்வி மெல்ல வருவது அனைவர்க்கும் தெரியும். கருவி அதனை ஒரு சிறு எண்ணாக்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. கூட்டலும் கழித்தலும் கருவிக்கே பயிற்சியாகின்றன. இவற்றினும் எண்ணத்தக்கது, இத்தனை புதுப்பதிப்புகளிலும் வாடகை விதி மாறாதிருப்பதாகும். பணம் புதிதாயிற்று, ஊர்ப்பெயர் புதிதாயிற்று, 1935 இல் விடுபட்ட பாடம் மட்டும் மீண்டிலது.

மாணவர் விரும்பினால் அப்பாடத்தைத் தாமே மீட்கலாம். ஒரு தடித்த அட்டையும் வண்ணக்கோலும் போதும். தெருமனைகளுக்குத் திருப்பாதிரிப்புலியூர், புதுப்பாளையம், வண்டிப்பாளையம், செம்மண்டலம், தேவனாம்பட்டினம் முதலிய பெயர்களை இடுக; சிதம்பரத்தின் நான்கு தேர்வீதிகளை ஒரே நிறத்தில் அமைக்க. நிலையங்கள் நான்கிற்குக் கடலூர்த் துறைமுகம், திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம், விருத்தாசலம் எனப் பெயர்கள் உள்ளன. மின்சாரத்திற்கு நெய்வேலியும் குடிநீர்க்கு வீராணமும் மாவட்டத்திலேயே கிடைக்கும். மிக உயர்ந்த விலையை மஞ்சக்குப்பத்து மனைக்கு வைக்க.

முதலில் பழைய விதிப்படி ஒரு மணி நேரம் ஆடுக. பின்னர்க் காய்களைத் தொடக்கக் கட்டத்தில் நிறுத்தி, இரண்டாம் விதியை மேற்கொள்க. மஞ்சக்குப்பத்து மனையில் விடுதி ஒன்று இருப்பின் அதன் வாடகை 2000. அதனுள் வெறுமனைக்குரிய 50 நடுவில் உள்ள பொதுநிதிப் பெட்டியில் விழ வேண்டும். எஞ்சிய 1950 கட்டியவர்க்கு உரியது. கட்டாத மனையின் வாடகையோ முழுவதும் பெட்டிக்கே. வெற்றுமனைகளை வளைத்துப் போட்டுக் காத்திருக்க விரும்பும் ஆட்டக்காரர் இப்பொழுது என்ன செய்கிறார் என்று உற்றுநோக்குக. பெட்டியில் போதிய பணம் சேர்ந்தவுடன் நெய்வேலியையோ வீராணத்தையோ அதன் விலை தந்து பொதுவாக்கலாம். அதன்பின் அக்கட்டத்தில் நிற்பவர் எவரும் கட்டணம் தரவேண்டுவதில்லை. விளக்கை முதலில் பொதுவாக்குவதா, நீரையா என்பதை ஆடுவோர் கூடிப் பேசி முடிவு செய்க.