துவைக்கிற கல்லும் மளிகைச் சீட்டும்

யூரியா, பூச்சிமருந்து ரசீது எதுவும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அந்தப் பெருமையோடுதான் போன தை மாதம் மளிகைச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்து, மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். வங்கியில் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. சோப்பு, சலவைத்தூள், பாத்திரம் துலக்கும் கட்டி, தரை துடைக்கும் திரவம், கக்கூஸ் ஆசிட், ஷாம்பு, எல்லாம் சேர்த்து 1,180 ரூபாய். வருஷத்துக்கு 14,160. அரை ஏக்கர் உளுந்தில் எனக்குக் கையில் நின்றது அதைவிடக் குறைவு!

பணம் மட்டும் என்றால் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பேன். துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடி விழும் இடத்தில் நாலு வாழை வைத்திருந்தோம். இலை ஓரம் கருகிக்கொண்டே வந்தது. ஜீவாமிர்தம் ஊற்றினேன், பஞ்சகவ்யம் தெளித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. “மருந்தை விடுங்க, மண்ணைத் தொட்டுப் பாருங்க, ஓடு மாதிரி கிடக்கு” என்றாள் மனைவி. சலவைத்தூளில் சோடியம் உப்புகள் உண்டு. அந்தத் தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால் களிமண் துகள்கள் பிரிந்து துவாரங்களை அடைத்துவிடும், மண் இறுகும், தண்ணீர் இறங்காது. உப்புக்கு வாழை தாங்காது. வயலுக்கு வாங்காத ரசாயனத்தை வீட்டுக்கு வாங்கி, நானே வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சியிருக்கிறேன்.

பாத்திரத்துக்குச் சாம்பல். வெந்நீர் அடுப்பு விறகுச் சாம்பலைச் சலித்து, தேங்காய் நாரில் தொட்டுத் தேய்க்கிறோம். சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அதையே சோப்புபோல ஆக்கிவிடுகிறது. அதில் இருப்பது பொட்டாஷ், நாம் சாம்பல்சத்து என்று சொல்வதேதான். எவர்சில்வருக்கும் இரும்புக்கும் அருமை. அலுமினியத்தைக் காரம் அரித்துக் கறுக்க வைக்கும், வேண்டாம். பிளாஸ்டிக் எரித்த அடுப்புச் சாம்பலைத் தொடவே கூடாது.

துணிக்குப் பூந்திக்கொட்டை, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். விதையை எடுத்துவிட்டுத் தோலில் பத்துப் பன்னிரண்டை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப்போட்டு, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்ட வேண்டும். ரெண்டு நாளைக்கு மேல் வைத்தால் நாறும். சேலை, கைலி, போர்வைக்குப் போதும். வெள்ளை வேட்டி மட்டும் பளிச்சென்று வராது, அதற்கு ஒரு சோப்புக்கட்டி இன்னும் வாங்கத்தான் செய்கிறேன். முக்கியமாக, இந்த நீரை மீன் இருக்கும் குட்டைக்குள் விடாதீர்கள். நுரைக்குக் காரணமான சப்போனின் மீனின் செவுளைக் கெடுத்துவிடும். இயற்கைப் பொருள்தானே என்று நினைக்க வேண்டாம்.

தரைக்கு எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் நொதிக்கரைசல். வெல்லம் 1, தோல் 3, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டேன். வந்து பார்த்தால் கேன் வெடித்து, சுவரெல்லாம் தோல். நல்லவேளை கண்ணாடி ஜாடியில் போடவில்லை. வெல்லத்தைக் காசு கொடுத்து வாங்கினால் இதில் பெரிய மிச்சம் இல்லை. கறுத்துப்போன பழைய வெல்லம் இருந்தால் செய்யலாம். இது அழுக்கு எடுக்கும், ஆனால் கிருமிநாசினி என்று நம்பிவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது வாந்திபேதி என்றால் பிளீச்சிங் பவுடர்தான். அதோடு ஆசிட்டையோ இந்தப் புளித்த கரைசலையோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

மூன்றாம் மாதச் சீட்டு 430 ரூபாய். பெருமையாக நோட்டில் எழுதும்போது மனைவி எட்டிப் பார்த்து, “கொட்டை ஊறப்போட்டது, வடிகட்டினது, சாம்பல் சலிச்சது எந்தப் பக்கத்துல வரும்?” என்றாள். பதில் இல்லை. சலிப்பதும், ராத்திரிப் பாத்திரமும் இப்போது என் வேலை. துவைக்கிற கல் தண்ணீரைக் கல்வாழைக் குழிக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்தில் மாட்டெருவும் மக்கின இலையும் கொட்டிக் கொத்தி, நல்ல தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம். நாலில் ரெண்டு வாழை போய்விட்டது. மற்ற ரெண்டில் பக்கக்கன்று வந்திருக்கிறது, இலை ஓரம் இதுவரை பச்சைதான்.